நாற்பத்தோராவது சாமான்

ஆனைமலையன்பட்டி மொக்கைச்சாமிக்குப் பட்டாளத்தில் என்ன வேலை என்று ஊரில் யாரைக் கேட்டாலும், ஏரோப்ளேனிலிருந்து குதிக்கிற வேலை என்றுதான் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அதில் பாதிக்கு மேல் விட்டுப்போகிறது. இருபத்துமூன்று வருஷ சர்வீசில் முதல் ஏழு வருஷம்தான் அவர் பாராசூட்டைக் கட்டிக்கொண்டு குதித்தார். அப்புறம் பதினைந்து வருஷம் தரையை விட்டு எழும்பவே இல்லை. வடக்கே அவர் இருந்த பெரிய பாராசூட் பிரிவுக்குக் கமாண்டராக வருகிறவர் குடியிருக்கிற பங்களாவில் அவர்தான் ஆர்டர்லி. சமையல்காரனுக்குக் காய்ச்சல், பத்து நாளைக்குப் போய் நில் என்று அனுப்பினார்கள். அந்தப் பத்து நாள் பதினைந்து வருஷமாகப் போனது.

கமாண்டர்கள் வருவார்கள், இரண்டு மூன்று வருஷம் இருப்பார்கள், மாறிப் போவார்கள். மொக்கைச்சாமி மாறவில்லை. அவர் கையால் ஏழு பேர் டீ குடித்திருக்கிறார்கள்.

பிரிவு ஆபீசுக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஒரு தேக்குப் பலகை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அந்தப் பிரிவை நடத்திய கமாண்டர்கள் அத்தனை பேர் பெயரும் அதில் பொன் எழுத்தில் வரிசையாக இருக்கும். வாரம் ஒருமுறை அதைத் துடைப்பதும் மொக்கைச்சாமி வேலை. இங்கிலீஷ் எழுத்து அவருக்கு ஓடாது. ஆனாலும் இன்ன வரியில் இன்னார் என்று கைக்குத் தெரியும். முதல் மூன்று பேர் வெள்ளைக்காரர்கள். ஆறாவது வரியில் இருப்பவர் சண்டைக்குப் போய்த் திரும்பாதவர். அந்த வரியை மட்டும் துணியை மாற்றிக்கொண்டு துடைப்பார். புதிதாக வருகிற ஒவ்வொரு கமாண்டரும் முதல் நாள் காலையில் அந்தப் பலகை முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். பெரிய மனிதர்கள், மேலே உள்ள பெயர்களைப் படிக்கிறார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். மொக்கைச்சாமி பக்கத்தில் நின்று பார்த்தவர். அவர்கள் கண் தன் பெயருக்குக் கீழே காலியாகக் கிடக்கிற பலகை மேல்தான் இருக்கும்.

அவருடைய முதல் கமாண்டர் ஒரு சீக்கியர். சிரித்தால் ஜன்னல் அதிரும். மாறிப் போகும்போது பங்களாச் சாமான் பட்டியலை அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். நாற்காலி எட்டு, திரைச்சீலை பதினாறு, தண்ணீர் ஃபில்டர் ஒன்று என்று வாசித்து வாசித்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நாற்பது சாமான் முடிந்ததும் அந்த மனிதர் பேனாவை எடுத்துக் கடைசியில் ஒரு வரி எழுதினார்: ‘41. மொக்கைச்சாமி. ஒன்று. நல்ல நிலை.’ வந்தவரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கூட இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மொக்கைச்சாமியும் சிரித்தார்.

வேடிக்கை அதோடு நின்றிருக்க வேண்டும். இரண்டு வருஷம் கழித்து ஆபீஸ் கிளார்க் புதுப் பட்டியல் அடிக்கும்போது பழையதைப் பார்த்து அப்படியே அடித்துவிட்டான். பட்டாளத்தில் பட்டியலில் ஏறிய ஒரு சாமானை இறக்குவதற்கு ஏழு கையெழுத்து வேண்டும். இருக்கிறபடி விட்டுவிட ஒரு கையெழுத்தும் வேண்டாம். அதனால் வருகிறவர் போகிறவர் எல்லோரும் நாற்பத்தொன்றுக்கும் சேர்த்தே கையெழுத்துப் போட்டார்கள்.

இரண்டாவது கமாண்டர் வங்காளத்துக்காரர், மீன் இல்லாமல் சாப்பிட மாட்டார். பிரிவுக்குக் கமாண்டராக வந்தால் முதல் வாரமே எல்லோர் கண் முன்னாலும் ஒரு தடவை குதித்துக் காட்டுவது அங்கே வழக்கம். அன்று காலை அவருடைய பூட்ஸ் கயிறை மொக்கைச்சாமிதான் கட்டிவிட்டார், ஏனென்றால் அவர் விரல் கட்டுப்படவில்லை. வெளியே போய் நூறு பேருக்கு முன்னால் சிங்கம் மாதிரி நடந்தார். மூன்றாவது ஆள் குடகு. நாயோடு பேசுவார், மனிதரோடு பேச மாட்டார். நாலாவது ஆள் தட்டை எறிகிறவர். ஐந்தாவது மலையாளி, குமுளிக்கு அந்தப் பக்கம். "எடோ, உன் மலைக்கு அந்தாண்டதான் என் வீடு" என்றார். சொந்தக்காரர் வந்துவிட்டார் என்று மொக்கைச்சாமி ஒரு வாரம் சந்தோஷப்பட்டார். அவரைப் போல வேலை வாங்கினவர் யாரும் இல்லை. ஆறாவது ஆள் முதல் குதியிலேயே காலை ஒடித்துக்கொண்டார். நாலு மாதம் அவரைத் தூக்கி உட்கார வைத்ததும் கழுவிவிட்டதும் மொக்கைச்சாமி. அவர் வீட்டம்மா ரொம்ப நேர்மையானவர். பட்டியலை ஒப்படைக்கும்போது ஒவ்வொரு சாமானாகப் பார்த்து, நாற்பத்தொன்றில் ‘நல்ல நிலை’யை அடித்துவிட்டு, ‘கொஞ்சம் தேய்ந்தது’ என்று சொல்லிக்கொண்டே திருத்தி எழுதினார்.

அன்றைக்கு மட்டும் மொக்கைச்சாமி சிரிக்கவில்லை.

*

இப்போது அவருக்கு எழுபத்துநாலு வயது. மனைவி மலையம்மாள் போய் ஆறு வருஷமாகிறது. மகன் பொன்னுராஜ் தேனியில், பஸ் கம்பெனியில் செக்கிங். மகள் நதியாவைக் கம்பத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மருமகன் தமிழ்மாறன் திராட்சைத் தோட்டங்களைப் பேசி எடுத்து லாரி ஏற்றுகிறவர். மலையம்மாள் காரியம் முடிந்த பதினாறாம் நாளே பிள்ளைகள் இரண்டு பேரும் முறை பேசிக்கொண்டார்கள். தை அமாவாசையிலிருந்து ஆடி அமாவாசை வரை மகன் வீடு. ஆடியிலிருந்து தை வரை மகள் வீடு. இரண்டு அமாவாசைக்கும் மலையம்மாளுக்குத் திதி கொடுக்கச் சுருளிக்கு எல்லோரும் எப்படியும் வருவார்கள். அங்கே வைத்து அப்பாவை மாற்றிக்கொள்ளலாம்.

பிள்ளைகள் கெட்டவர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. இரண்டு வீட்டிலும் சுடுசோறுதான். மருமகள் உமாதேவி மாத்திரையை நேரம் பார்த்துக் கொடுப்பாள். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. தேனி வீட்டில் டம்ளரைக் கவிழ்த்து வைக்க வேண்டும், கம்பத்தில் நிமிர்த்தி வைக்க வேண்டும். தேனியில் ஏழு மணிக்கு முன்னால் கதவைத் திறக்கக் கூடாது, கம்பத்தில் ஆறு மணிக்குப் பால்காரனுக்குத் திறந்தே ஆக வேண்டும். புதுக் கமாண்டர் வந்தால் முதல் வாரம் வாயைத் திறக்காமல் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது மொக்கைச்சாமி பட்டாளத்தில் படித்த பாடம். அதைத்தான் வருஷத்துக்கு இரண்டு தடவை செய்துகொண்டிருந்தார். பழகி முடிப்பதற்குள் அமாவாசை வந்துவிடும். ஆறு வருஷத்தில் பன்னிரண்டு மாற்றம். பட்டாளத்திலாவது இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான். இந்த வருஷம் அவருக்கு அலுத்துவிட்டது. உடம்பு அலுப்பு வேறு. இது ராத்திரி தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு.

ஊர் வீடு மட்டும் பூட்டிக் கிடந்தது. அவர் வடக்கே இருந்தபோது மலையம்மாள் தன் அண்ணன்மாரை வைத்துக் கட்டிய இரண்டு அறை ஓட்டு வீடு. பென்ஷன் வாங்கி வந்த புதிதில் பழக்கதோஷத்தில் நாலு மணிக்கே எழுந்து, டீ போட்டு எடுத்துக்கொண்டுபோய் அவள் கட்டில் பக்கத்தில் விறைப்பாக நின்றாராம். அவள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏன்யா, நான் என்ன ஜெனரலா? இங்கன நீ யாருக்கும் எந்திரிச்சு நிக்க வேணாம். ஒக்காரு, சேந்து குடிப்போம்" என்றாளாம். இருபத்தாறு வருஷம் அந்த வீட்டில் உட்கார்ந்தே டீ குடித்தார். அந்தச் சாவியை மட்டும் அவர் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. அரைஞாண் கயிற்றில் கோத்து இடுப்பில் வைத்திருந்தார்.

ஆடி பிறந்ததும் தமிழ்மாறன் போனில் சொல்லிவிட்டார். ஊர் வீடு சும்மாதானே கிடக்கிறது, தோட்டத்துக்குப் பக்கம், திராட்சை ஏற்றுகிற பிளாஸ்டிக் கிரேட் அடுக்க வசதி. அமாவாசையன்று மாமா சாவியைக் கொடுத்துவிட்டால் ஆவணியிலிருந்து குடோன். பொன்னுராஜும் சரி என்றுவிட்டான். மொக்கைச்சாமியிடம் சொன்னார்கள். சம்மதமா என்று கேட்கவில்லை. கொடுத்துவிட்டால் அப்புறம் போய்ப் படுக்க ஒரு இடம் என்று எதுவும் இருக்காது, இரண்டு வீட்டுக்கு நடுவே போய்வருகிறதுதான் மிச்சம் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் பேசாமல்தான் இருந்தார். பழகிய வாய்.

*

ஆடி அமாவாசைக்குச் சுருளியில் கால் வைக்க இடமில்லை. அருவியில் குளித்து, பிண்டம் வைத்து, பசுமாட்டுக்கு அகத்திக்கீரை கொடுத்துவிட்டு, ஒரு மரத்தடியில் ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்தார்கள். புளியோதரைத் தூக்குவாளியை ஒரு குரங்கு மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் உமாதேவி பையைத் திறந்தாள். ஒரு கோடு போட்ட தாளை எடுத்து நாத்தனாரிடம் நீட்டினாள். தலைப்பில் ‘அப்பா’ என்று பெரிதாக எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது.

"இந்தா நதியா, ஒவ்வொண்ணா சொல்றேன், பாத்துக்க. பிரஷர் மாத்திரை காலைல ஒண்ணு. சுகர் மாத்திரை ரெண்டு நேரம். வேட்டி நாலு. துண்டு மூணு. கண்ணாடி ஒண்ணு. பல்லு செட்டு ஒண்ணு."

"போன தடவ துண்டு நாலு குடுத்தனே அண்ணி?"

"ஒண்ணு கிழிஞ்சு போச்சு. எடது காது சுத்தமா கேக்கல, வலது பக்கமா நின்னு பேசணும். எடது இடுப்பு குளிருக்கு வலிக்குது, தைலம் உள்ளாற இருக்கு. முன்ன மாதிரி இல்ல பாத்துக்க, கொஞ்சம் தளந்துட்டாக."

"அத நான் பாத்தாலே தெரியுது" என்றாள் நதியா. தாளில் டிக் போட்டுக்கொண்டே வந்தாள்.

மொக்கைச்சாமிக்கு வலது காது நன்றாகவே கேட்டது. தளர்ந்துவிட்டார்கள் என்பதும் கேட்டது. கொஞ்சம் தேய்ந்தது.

பொன்னுராஜ் சிரித்தான். "என்னத்தா நதியா, ஸ்டாக்கு சரியா இருக்கா? கையெழுத்துப் போட்டு வாங்கிக்க. அப்புறம் கொறையுதுன்னு என்கிட்ட வரக்கூடாது."

"ஒனக்கு எல்லாம் வெளாட்டு."

தமிழ்மாறன் கைகழுவி வந்து எதிரே குந்தினார். மரியாதையான மனிதர், குரலை உயர்த்த மாட்டார். "மாமா, அந்தச் சாவியையும் குடுத்துட்டீகன்னா, இன்னிக்கே ஒரு எட்டு போயி வீட்டப் பாத்துட்டு வந்துருவேன். கிரேட்டு பாதி நேத்தே கொண்டாந்து வாசல்ல எறக்கிட்டாக."

மொக்கைச்சாமியின் கை இடுப்புக்குப் போனது. பதினைந்து வருஷம் கேட்டதை எடுத்துக் கொடுத்துப் பழகிய கை. அவரைக் கேட்காமலே போனது. சாவியைத் தொட்டதும் நின்றது.

ஏழாவது கமாண்டர் ஞாபகம் வந்தது. மராட்டியர், குள்ளமான மனிதர். பொறுப்பு ஏற்க வந்த அன்று பட்டியலை அவரே ஒன்றுவிடாமல் சத்தமாக வாசித்தார். நாற்பத்தொன்றில் நிறுத்தினார். "இது என்ன?" என்று கேட்டார். காலை ஒடித்துக்கொண்ட கமாண்டரின் வீட்டம்மா விளக்கிச் சொன்னார். அந்தக் குள்ள மனிதர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து அந்த வரியை ஒரே இழுப்பில் அடித்தார். அப்புறம் மொக்கைச்சாமியைப் பார்த்து இந்தியில் கேட்டார்: "நீ எங்கே போக வேண்டும்?"

பதினைந்து வருஷத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. மொக்கைச்சாமிக்குப் பதில் இல்லை. கைகால் நடுங்கியது. ஊருக்கு என்று சொல்லியிருக்கலாம், தன் பழைய பட்டாளக் கம்பெனிக்கு என்று சொல்லியிருக்கலாம். என்ன தோன்றியதோ, விரலை மேலே காட்டினார். குதிக்க வேண்டும்.

நாற்பதைத் தாண்டிய ஆளுக்கு மறுபடியும் பயிற்சி கொடுத்து, இரண்டு வாரம் மண்ணில் உருட்டி, கடைசியில் புதுக் கமாண்டர் குதிக்கிற அதே விமானத்தில் அவரையும் ஏற்றினார்கள். கமாண்டர் முதலில் குதித்தார். அவர் பின்னாலேயே மொக்கைச்சாமி. கதவைத் தாண்டும் வரைக்கும் ஒரே இரைச்சல். குடை விரிந்து தோளைத் தூக்கியதும் சத்தம் மொத்தமும் நின்றுவிட்டது. கீழே மஞ்சள் மஞ்சளாகக் கடுகு வயல். டீ கொண்டுவா என்பார் இல்லை, பூட்ஸ் எங்கே என்பார் இல்லை. ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். இறங்கும்போது இடுப்பு அடிபட்டது. இப்போது தைலம் போடுகிற இடுப்பு அதுதான். அந்த வலியை அவர் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை.

"மாமா?" என்றார் தமிழ்மாறன்.

இங்கே யாரும் கேட்கப் போவதில்லை. இன்னொரு குள்ள மனிதர் வந்து வரியை அடிக்கிற வரை காத்திருந்தால் தை அமாவாசை வரும், அப்புறம் ஆடி வரும். மொக்கைச்சாமி மகள் பக்கம் திரும்பினார்.

"ஆத்தா, அந்தப் பேனாவக் குடு."

"எதுக்குப்பா?"

"குடுன்னா குடு."

தாளை முழங்காலில் வைத்தார். தலைப்பில் இருந்த ‘அப்பா’வைக் கோடு இழுத்து அடித்தார். முழங்கால் மேட்டில் கோடு மலை முகடு மாதிரி ஏறி இறங்கியது. தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் ஊருக்குப் போறேன். சாவி குடுக்கமாட்டேன்."

குரங்கு தூக்குவாளிக்கு இறங்கி வந்துவிட்டது. அதைக்கூட யாரும் விரட்டவில்லை.

"என்னப்பா இது, சின்னப் புள்ள மாதிரி" என்றான் பொன்னுராஜ். "அங்கன யாரு இருக்கா ஒங்களுக்கு? ஒரு அவசரம்னா?"

"அவசரம்னா போன் அடிக்கிறேன். நீ பஸ்ஸுலதான இருக்க, வந்து சேரு."

"சோறு?"

"ஏழு ஜெனரலுக்குப் பொங்கிப் போட்டேன்டா. எனக்குப் பொங்கத் தெரியாதா?"

உமாதேவிக்குச் சிரிப்பு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நதியா முகம்தான் சிவந்துபோனது. "அப்ப நான் என்ன கொற வச்சேன், சொல்லுங்க. போன தடவ காய்ச்சல்ல படுத்தப்ப ராவும் பகலும் யாரு பாத்தா? எம் முறை வந்ததும்தான் ஒங்களுக்கு ஊரு ஞாபகம் வருதா? அண்ணன் வீட்ல ஆறு மாசம் வாயத் தெறக்காம இருந்தீகள்ல?"

"எல்லா எடத்துலயும்தான் வாயத் தெறக்காம இருந்தேன்."

"எங்க மேல கோவமா?"

"கோவமில்ல ஆத்தா. அலுத்துப்போச்சு." அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "வந்து எறங்குறதும் கெளம்புறதுமாவே இருக்கு. ஒங்க வீடு நல்ல வீடு. அண்ணன் வீடும் நல்ல வீடு. ரெண்டுலயும் நான் நின்னுக்கிட்டே இருக்கேன். எனக்கு ஒக்காரணும்."

நதியா தாளை நாலாக மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள் புருஷனைப் பார்த்து, "வண்டிய எடுங்க. இவரக் கொண்டுபோயி ஊர்ல விட்ருவோம். ரெண்டு நாள்ல தானா கூப்பிடுவாரு" என்றாள்.

"கூப்பிடமாட்டேன்" என்றார் மொக்கைச்சாமி.

"பாப்போம்."

"பாரு."

*

பொன்னுராஜும் உமாதேவியும் கம்பத்தில் தேனி பஸ் ஏறினார்கள். மற்ற மூவரும் வண்டியில் உத்தமபாளையம் தாண்டி ஊர் வந்து சேர்ந்தார்கள்.

வீட்டு வாசலில் நீலக் கிரேட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பூட்டு துருவேறி, சாவி உள்ளே போய்த் திரும்ப மறுத்தது. தமிழ்மாறன் வண்டியிலிருந்து எண்ணெய் டப்பாவை எடுத்துவந்து இரண்டு சொட்டு விட்டார். கொஞ்ச நேரம் ஆட்டி ஆட்டித் திறந்தார்.

உள்ளே மூச்சடைக்கும் தூசி. ஒரு மூலையில் ஓடு விலகி மழைத்தண்ணீர் இறங்கிச் சுவர் பச்சையாக இருந்தது. மலையம்மாள் கட்டிலில் கயிறு தொங்கிப்போய்க் கிடந்தது. மொக்கைச்சாமி எதிர்பார்த்துவந்த வீடு இது இல்லை. கம்பத்தில் மெத்தை இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது. ஆனால் சொன்ன சொல்லை எடுத்து விழுங்குகிற ஆளில்லை அவர். அந்த விஷயத்தில் ஏழு கமாண்டர்களில் யாரும் அவருக்குக் கிட்டே வர முடியாது.

"கிரேட்ட நாளைக்கு எடுத்துர்றேன் மாமா" என்றார் தமிழ்மாறன்.

"இருக்கட்டும் மாப்ள. வாசல்ல இருந்தா எனக்கென்ன. உள்ள வரக்கூடாது, அம்புட்டுத்தான். ஒண்ண மட்டும் கவுத்துப் போடுங்க."

கவிழ்த்துப் போட்ட கிரேட்டில் உட்கார்ந்தார். இடுப்பு வலித்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை, எழுந்திருக்கச் சொல்வாரும் இல்லை. நதியா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பக்கத்து வீட்டில் விளக்குமாறு வாங்கிவந்து பெருக்க ஆரம்பித்தாள். கோபம் முழுவதும் தரையில் விழுந்தது. பெருக்கி, அடுப்படியைக் கழுவி, இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வைத்தாள். தாளில் இருந்த மாத்திரைகளைப் பார்த்துப் பார்த்து மாடத்தில் வரிசையாக அடுக்கினாள்.

"வெள்ளிக்கெழம வருவேன்."

"வரதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டுட்டு வா."

"எங்க ஆத்தா வீட்டுக்கு நான் யாரக் கேக்கணும்?"

மொக்கைச்சாமி தலையை ஆட்டினார். அவள் சொன்னது நியாயம்.

புறப்படப் போனவள் வாசல்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். தொங்குகிற கட்டிலையும் பச்சைச் சுவரையும் ஒரு கண் ஓட்டினாள். குரல் இறங்கிவிட்டது. "எங்கனப்பா படுப்பீக?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார், அடுப்படிப் பக்கம் காய்ந்த தரையைப் பார்த்தார், கதவோரம் பார்த்தார். அந்தக் குள்ள மனிதர் கேட்ட அன்றுபோல இன்றைக்கும் பதில் உடனே வரவில்லை. ஆனால் கை நடுங்கவில்லை.

"இருத்தா, இப்பத்தான ஒக்காந்திருக்கேன்" என்றார். "யோசிச்சுச் சொல்றேன்."